தண்ணி சரியில்ல

கால்ல இடிச்சிருச்சா தம்பி? தப்பா நினைக்காதீங்க. இந்தக் குழாயை எப்படி வச்சாலும் யாரையாவது இடிச்சிருது. கண்டக்டர்கூட, "பெரியவரே, பிளம்பிங் வேலையா?"ன்னு கேட்டுட்டுப் போறார். பிளம்பிங் இல்ல. உள்ள இருக்கிறது தூண்டில் கம்பு. தும்பலாறு டேமுக்குப் போறேன். நீங்க எதுவரைக்கும்? அதுக்கு அங்கிட்டா? சரி, அப்ப நிம்மதியாப் பேசிட்டுப் போகலாம்.

புழு வைக்கிற தூண்டில் இல்ல தம்பி. இது பொம்மை போட்டுப் பிடிக்கிறது. ரப்பர்ல தவளை, தகரத்துல மீன், சுத்துற தகடு, இப்படி. உசுரு இல்லாததை உசுரு இருக்கிற மாதிரி ஆட்டிக் காட்டணும், விரால் நம்பி வந்து அடிக்கணும். சீட்டு வாங்கிட்டுத்தான் பிடிக்கிறோம், திருட்டுத்தனமா இல்ல. நானும் இத்தனை வருஷமாப் போறேன், இந்த ஐப்பசி மாதிரி ஒரு ஐப்பசியைப் பாத்ததில்ல. மீனுன்னா மீனு, அப்படி ஒரு மீனு.

காலம் தெரிஞ்சு போகணும் தம்பி. புரட்டாசியில தண்ணி கீழ கிடக்கும், கொதிக்கும். அப்ப வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பாசிமேல தவளையைப் போட்டு இழுக்கணும். ஐப்பசியில முதல் மழை இறங்கினதும் மலையிலருந்து செவப்பா கலங்கல் வரும். நிறையப் பேரு கலங்கலைப் பாத்துட்டு வீட்டுக்குத் திரும்பிருவாங்க. அது தப்பு. மீனுக்குக் கண்ணு தெரியாது, அவ்வளவுதான். பசி இருக்கும்ல? அதனால தகடு சுத்துற பொம்மையாப் போடணும். அந்த அதிர்வு அதுக்கு உடம்புல கேக்கும். மேகம் போட்டிருந்தா கறுப்பு, வெயில் அடிச்சா வெள்ளை, மஞ்சள். காத்து எந்தக் கரையில போய் மோதுதோ அந்தக் கரையில நிக்கணும். பொடி மீனெல்லாம் அங்கதான் ஒதுங்கும், பெருசும் பின்னாடியே வரும். கார்த்திகையில தண்ணி தெளிஞ்சு குளிர்ந்துட்டா எல்லாம் ஆழத்துக்குப் போயிரும். அப்ப மெத்துன்னு இருக்கிற ரப்பர் மீனை அடியிலயே மெல்ல இழுக்கணும். இன்னொண்ணு, தவளையை விரால் அடிச்ச உடனே வெட்டி இழுக்கக்கூடாது. ஒரு மூச்சு விட்டுட்டு இழுக்கணும். அவசரப்பட்டா பொம்மை மட்டும் பறந்து வந்து நம்ம மூஞ்சியில விழும்.

இதெல்லாம் நானாக் கண்டுபிடிச்சது இல்ல. அமலதாஸ் சொன்னது.

அமலதாஸும் நானும் ஒரே மில்லு. அவன் எலெக்ட்ரீஷியன், நான் டைம் ஆபீஸ்ல இருந்தேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு அவன் வருவான், நான் பஸ் ஸ்டாப்புல நிப்பேன், ரெண்டு பேரும் டேமுக்குப் போவோம். ரிட்டயர் ஆன பிறகும் அப்படித்தான். அவன் பிடிப்பான். நானும் போடுவேன், எனக்கும் எப்பவாவது ஒண்ணு மாட்டும். ஆனா கரையில நிக்கிறவங்க வந்து கேக்குறது அவன்கிட்டத்தான். "அண்ணே, இன்னைக்கு என்ன போடலாம்?"னு அவனைக் கேப்பாங்க. என்கிட்ட, "பையைக் கொஞ்சம் திறந்து காட்டுங்கண்ணே, எவ்வளவு பெருசுன்னு பாப்போம்"பாங்க. பை என்கிட்ட இருக்கும்ல. அதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல தம்பி. ஒண்ணுமே இல்ல. சும்மா சொல்றேன்.

அவனுக்கு ஆடியில கை கால் இழுத்துருச்சு. வலது பக்கம் பூரா. பேச்சும் போயிருச்சு. நாம பேசுறது புரியும், தலையை ஆட்டுவான், ஆனா வாயிலருந்து வார்த்தை வராது. ஆஸ்பத்திரியில கிடந்து வீட்டுக்கு வந்தான். அவன் வீட்டுக்காரி ஸ்டெல்லா, என்னை அண்ணேன்னுதான் கூப்பிடும், கூடப் பொறந்த தங்கச்சி மாதிரி. ஒருநாள் அவனோட பொம்மைப் பெட்டியைக் கொண்டாந்து என் கையில குடுத்துச்சு. "வீட்டுக்குள்ள கிடந்தா துருப்பிடிச்சிரும்ணே. நீங்க பாத்து வச்சிருங்க"ன்னுச்சு.

வச்சிருங்கன்னுதான் சொல்லுச்சு. துருப்பிடிக்காம இருக்கணும்னா அப்பப்ப எடுத்துப் போடணும், துடைக்கணும், எண்ணெய் விடணும். அதனால போட்டேன்.

அந்தப் பெட்டியில ஒரு கறுப்புத் தவளை. காலைப் பாதியா வெட்டி விட்டிருப்பான். முழுக் காலா இருந்தா மீனு காலை மட்டும் கவ்விட்டுப் போயிரும், முள்ளு ஏறாதுன்னு. கடையில வாங்குற எதுவும் அதுகிட்ட நிக்காது. அதைக் கட்டி, அவன் எப்பவும் நிக்கிற இடத்துல நின்னு போட்டேன். அது ஒரு இடம் தம்பி. டேம் கட்டுறதுக்கு முன்னாடி இருந்த பழைய தார் ரோடு, நேரா வந்து தண்ணிக்குள்ள இறங்கிப் போயிரும். தண்ணிக்கு அடியில ரோட்டோரக் கல்லு, மரத்து வேரு எல்லாம் அப்படியே இருக்கு. விராலுக்கு வீடே அதுதான். அமலதாஸ் என்னைத் தவிர யாருக்கும் காட்டல.

முதல் நாள் ரெண்டு மாட்டுச்சு. அடுத்த வாரம் மூணோ நாலோ. பெட்டியைத் திறந்தா கை தானாப் போய் எதை எடுக்கணுமோ அதை எடுக்குது. இத்தனை வருஷம் பக்கத்துல நின்னு பாத்ததெல்லாம் எங்கேயோ உள்ள இருந்திருக்கு. கரையில ஒரு பையன் வந்து, "அண்ணே, இன்னைக்கு என்ன போடலாம்?"னு என்னைக் கேட்டான் தம்பி. என்னை. நானும் வானத்தைப் பாத்துட்டு, "கறுப்பு போடுப்பா"ன்னேன். வீட்டுக்கு வர்ற வரைக்கும் எனக்குச் சிரிப்பு சிரிப்பா வந்துச்சு.

சாயங்காலம் அவனைப் பாக்கப் போனேன். கட்டில்ல சாய்ஞ்சு உக்காந்திருந்தான். என் செருப்புல செம்மண்ணைப் பாத்தான், என் மூஞ்சியைப் பாத்தான். கேக்குறான். வாய் இல்ல, கண்ணால கேக்குறான். நான் என்ன சொல்லட்டும்? நீ படுத்துக் கிடக்கிற, உன் பொம்மையை வச்சு உன் இடத்துல நான் நாலு பிடிச்சேன்னு சொல்லவா? "ஒண்ணும் இல்லடா. தண்ணி சரியில்ல"ன்னேன்.

அவன் கண்ணை மூடிட்டான். நிம்மதியாயிட்டான்னுதான் எனக்குப் பட்டுச்சு. அப்ப அப்படித்தான் பட்டுச்சு. சரி, நல்லதுதானே, தான் இல்லாம ஊரெல்லாம் பிடிக்கிறாங்கன்னு அவன் வேதனைப்பட வேண்டாம்ல? அதுலருந்து போறப்பல்லாம் அதையே சொன்னேன். ஒரு வாரம் தண்ணி சூடுன்னேன், ஒரு வாரம் காத்து சரியில்லன்னேன். மழை வந்த பிறகு கலங்கல்னேன். கலங்கல்னு சொன்னப்ப மட்டும் அவன் தலையை வேகமா ஆட்டினான். இல்ல இல்லன்னு. இடது கையை எடுத்து விரலைச் சுத்திச் சுத்திக் காட்டினான். தகடு போடு, சுத்துற தகடு போடுன்னு சொல்றான். நான், "போட்டுப் பாத்துட்டேன்டா, எதுவும் வரல"ன்னேன். அன்னைக்குக் காலையில அதே தகடுலதான் தொடை மொத்தத்துக்கு ஒண்ணு எடுத்திருந்தேன். பிடிக்கிறதை அவன் தெருவுக்கு எடுத்துட்டுப் போறதில்ல. வழியிலயே தெரிஞ்சவங்களுக்குக் குடுத்துருவேன்.

அப்புறம் ஒருநாள் ஸ்டெல்லா வாசல் வரைக்கும் வந்துச்சு. "அண்ணே, ஒரு தடவை இவரையும் கூட்டிட்டுப் போங்களேன். பிடிக்கலைன்னாலும் பரவாயில்ல. கரையில உக்காந்து தண்ணியைப் பாத்தாலே போதும். வீட்டுக்குள்ளயே இருந்து இருந்து ஆளு ஒரு மாதிரி ஆயிட்டாரு"ன்னுச்சு.

தங்கச்சி அப்படிக் கேக்குது. நான் சரின்னு சொல்லியிருக்கணும். என் வாயில என்ன வந்துச்சு தெரியுமா? "வேண்டாம்மா. அங்கே தண்ணி கெட்டுப் போச்சு. மீனெல்லாம் செத்து மிதக்குது, ஒரே நாத்தம். சீக்காளியை அங்கே கூட்டிட்டுப் போகக்கூடாது." ஒரு பொய்யைச் சொன்னா அதைக் காப்பாத்த வேண்டியிருக்குல்ல தம்பி? உள்ள கட்டில்ல இருந்த அவனுக்கும் கேட்டுருச்சு. ஒரு சத்தம் போட்டான். மாடு கத்துற மாதிரி. ஸ்டெல்லா உள்ள ஓடுச்சு. நான் வந்துட்டேன்.

அந்த வாரம் நான் போகல. அடுத்த வாரமும் அவனைப் பாக்கப் போகல. டேமுக்குப் போனேன். அது வேற.

இந்த ஐப்பசிக் கடைசியில ஒருநாள். மேகம் மூட்டமா இருந்துச்சு, தூறல் விட்டு விட்டுப் போட்டுச்சு. பழைய ரோட்டு முனையில நிக்கிறேன். அங்கே தண்ணிமேல செவப்பா ஒரு கூட்டம் கொதிக்குது. விரால் குஞ்சு தம்பி. பொடிசா, ஆயிரக்கணக்குல, ஒண்ணா மேல வந்து மூச்சு எடுத்துட்டு இறங்கும். அதுக்கு அடியிலயே தாயும் தகப்பனும் காவல் நிக்கும். குஞ்சு பக்கத்துல எது விழுந்தாலும் பாஞ்சு அடிக்கும். பசிக்காக இல்ல, குஞ்சைக் காப்பாத்த. அந்த நேரத்துல அதைப் பிடிக்கிறது ரொம்பச் சுலபம். அமலதாஸ் பிடிக்க மாட்டான். குஞ்சைக் கண்டா கம்பை மடக்கிட்டு வேற பக்கம் போயிருவான். "காவக்காரனை எடுத்துட்டா குஞ்சையெல்லாம் ஒரு பொழுதுல ஜிலேபி மீனு தின்னு தீத்துரும்டா"ம்பான்.

நான் போட்டேன். கறுப்புத் தவளையை அந்தக் கூட்டத்துக்கு நடுவுல போட்டேன். ஏன் போட்டேன்னு கேக்காதீங்க. அவன் இல்ல, அதான் போட்டேன்.

அடிச்சது பாருங்க, கம்பு வில்லா வளைஞ்சு போச்சு. என் ஆயுசுல அப்படி ஒரு மீனை நான் பிடிச்சதில்ல. அவனும் பிடிச்சதில்ல. மல்லுக்கட்டிக் கரைக்கு இழுத்து, ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சுட்டு நிக்கிறேன். பின்னாடி ஆட்டோச் சத்தம் கேக்குது. அந்த ரோட்டுல எந்த ஆட்டோ வரும்னு திரும்பிப் பாக்குறேன். ஸ்டெல்லா இறங்குது. மறுபக்கம் ஆட்டோக்காரர் கைத்தாங்கலா அமலதாஸை இறக்குறாரு.

அப்புறம்தான் எனக்கு விஷயம் தெரிஞ்சுச்சு. மீன் செத்து மிதக்குதுன்னு நான் சொன்ன நாள்லருந்து அவன் சரியாச் சாப்பிடலயாம். டேம் இருக்கிற திசையைக் காட்டிக் காட்டி அழுதிருக்கான். யார்கிட்டயாவது போய்ச் சொல்லு, ஏதாவது பண்ணச் சொல்லுன்னு கையைக் காட்டியே ஸ்டெல்லாவை விரட்டியிருக்கான். இது பாவம், மீன்வள ஆபீசைத் தேடிப் போயிருக்கு. அங்கே இருந்தவரு நல்லவிதமா உக்கார வச்சு, "யாரும்மா சொன்னது? இந்த வருஷம் மாதிரி மீனு எந்த வருஷமும் இல்லையே. நம்பலைன்னா போய்ப் பாருங்க"ன்னு சொல்லி அனுப்பியிருக்காரு. வீட்டுக்கு வந்து அவன்கிட்ட வாயால சொல்லல. சட்டையை மாட்டிவிட்டு நேரா ஆட்டோவுல கூட்டிட்டு வந்துருச்சு. அந்தப் பழைய ரோட்டுக்கு வழி காட்டினது அவன் கைதான். நான் அங்கே நிப்பேன்னு அதுக்குத் தெரியாது தம்பி. சத்தியமாத் தெரியாது. தண்ணி நல்லா இருக்குன்னு அவனுக்குக் காட்டத்தான் வந்துச்சு.

வந்து நிக்கிறாங்க. என் கையில மீனு துள்ளுது. அது வாயில அவன் தவளை. கால் வெட்டின தவளை. எனக்குப் பின்னாடி தண்ணியில செவப்பா அந்தக் குஞ்சுக் கூட்டம் சிதறிச் சிதறிச் சுத்துது. எல்லாத்தையும் ஒரே பார்வையில பாத்துட்டான். எலெக்ட்ரீஷியன் கண்ணு, எதையும் விடாது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா தம்பி? "இன்னைக்குத்தான்டா... இன்னைக்குத்தான் முதல் முதல்ல ஒண்ணு..."ன்னேன். அப்பவும்.

"போதும்ணே"ன்னுச்சு ஸ்டெல்லா. சத்தம் போட்டுத் திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாச் சொல்லுச்சு. "போதும்ணே, விடுங்க."

அப்பத்தான் அவன் வாயைத் திறந்தான். உதடு கோணிக்கிட்டுப் போகுது, கழுத்து நரம்பு புடைக்குது. என்னமோ உள்ளேருந்து தூக்கிட்டு வர்ற மாதிரி முக்கி முக்கி ஒரு வார்த்தை சொன்னான். ஆடி மாசத்துக்கப்புறம் அவன் வாயில வந்த முதல் வார்த்தை.

"போடு."

ஸ்டெல்லா அழுதுருச்சு. பேசிட்டாரு, பேசிட்டாருன்னு அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுகுது. நான் மீனோட நிக்கிறேன். போடுன்னா என்ன தம்பி? மீனைத் தண்ணியில போடுன்னானா? பையில போடுன்னானா? தூண்டிலை இன்னொரு தடவை போடுன்னானா? கீழ போட்டுட்டு எங்கேயாவது தொலைஞ்சு போன்னானா? எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. முள்ளைக் கழட்டி மீனைத் தண்ணியில விட்டேன். அது குஞ்சுகிட்டத்தான் போச்சு, நான் பாத்தேன். திரும்பி அவனைப் பாத்தா, இடது கையால தொடையில தட்டுறான், தோள் குலுங்குது, கண்ணுல தண்ணி. "இப்ப இவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணு மாதிரிதான் வரும்ணே. எனக்கே எதுன்னு தெரியாது"ன்னுச்சு ஸ்டெல்லா. ஆட்டோவுல ஏத்திக் கூட்டிட்டுப் போயிருச்சு.

அவங்க போன பிறகு நான் இன்னொரு தடவை போட்டேன். அந்தக் கூட்டத்துல இல்ல, தள்ளித்தான். போடுன்னுதானே சொன்னான்? எதுவும் அடிக்கல.

அதுக்கப்புறம் அவன் வீட்டுப் பக்கம் போகல. எப்படிப் போறது? பெட்டியை மட்டும் துடைச்சு, எண்ணெய் விட்டு, ஆள் மூலமாக் குடுத்து விட்டேன். திரும்பி எனக்கே வந்துருச்சு. நேத்து ஸ்டெல்லா போன் பண்ணுச்சு. "அண்ணே, நாளைக்கு ஞாயித்துக்கிழமை. இவரு காலையிலருந்து செருப்பைக் காட்டிட்டே இருக்காரு. இடது கையாலயே கம்பைப் பிடிச்சுப் பழகிட்டு இருக்காரு. நீங்க பஸ்சுல இறங்கி வீட்டுக்கு வந்துருங்க, நம்ம எல்லாரும் ஆட்டோவுல போயிரலாம்." சரிம்மான்னேன். போன்ல சரின்னு சொல்றதுல என்ன இருக்கு?

அடுத்த ஸ்டாப்புதான் தம்பி. மில் கேட்டு. அங்கேதான் அவன் வீடு. நான் டிக்கெட்டு டேமுக்கு எடுத்திருக்கேன். போய் இறங்கிட்டு ஒரு போனைப் போட்டு, இங்கே நல்ல மழைம்மா, பாறையெல்லாம் வழுக்குது, அடுத்த வாரம் பாப்போம்னு சொல்லலாம்னு இருக்கேன். அவனுக்கும் அது நல்லதுதானே? இடது கையில அவன் போடுறதும், பொம்மை காலடியிலயே விழுகுறதும், நான் பக்கத்துல நின்னு அதைப் பாக்குறதும்... அவனால தாங்க முடியாது. மேக்கே கறுத்துக்கிட்டு வருதுல்ல? உங்க பக்கம் பாருங்க. வெயிலாவா இருக்கு? அப்படியா.

பஸ்சு நின்னுருச்சு. மில் கேட்டு. கொஞ்சம் முன்னாடி சாய்ஞ்சு உக்காருங்க தம்பி, ஜன்னலை மறைங்க. ஸ்டாப்புக்கே வந்துட்டாங்க. கல்லுப் பெஞ்சுல உக்கார வச்சிருக்கு பாருங்க, தொப்பியெல்லாம் போட்டு விட்டு. வீட்டுக்குத்தானே வர்றேன்னு சொன்னேன், இங்கே எதுக்கு வரணும்? இறங்குற ஆளையெல்லாம் எட்டி எட்டிப் பாக்குதே ஸ்டெல்லா. நான் குனிஞ்சுக்கிறேன். கிளம்பிருச்சா? கிளம்பட்டும். பாத்துட்டானா தம்பி? கையைத் தூக்குறானா? எந்தக் கையி?

கண்டக்டர்! நிறுத்துங்க, ஆளு இறங்கணும்! டேம் டிக்கெட்டுதாங்க, தெரியுது, அதுக்கென்ன, இங்கேயே இறங்கிக்கிறேன். விசில் அடிங்க சார்! தம்பி, அந்தப் பெட்டி, சீட்டுக்கு அடியில, அதை எடுங்க. குழாயை விடுங்க, நான் தூக்கிக்கிறேன். கொஞ்சம் காலை மடக்குங்க தம்பி, சீக்கிரம். அவன் யாரும் பிடிக்காமத் தானா எந்திரிக்கப் பாக்குறான், விழுந்துருவான்.